செஞ்சிக்கு ஒரு வீட்டு ரயில்: எந்த ஸ்கேல், எந்த அமைப்பு?

செஞ்சி ஊருக்குள் ரயில் கிடையாது. சுமார் 70 கி.மீ. நீளமுள்ள திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தும் ஊர் இன்னும் காத்திருக்கிறது. செஞ்சிக் கோட்டை அமைந்த ராஜகிரி மலையின் அடிவாரத்தில் ரயில் ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அதை வீட்டிலேயே மாதிரியாக அமைக்கலாம். வண்டி வாங்குவதற்கு முன் மூன்று முடிவுகளை எடுத்துவிடுங்கள்.

எச்.ஓ. அல்லது ‘என்’

எச்.ஓ. அசலில் 87இல் ஒரு பங்கு; தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ‘என்’ ஸ்கேல் 160இல் ஒரு பங்கு. அகலம் 9 மி.மீ. இந்திய வண்டிகளின் மாதிரிகளைத் தேடுவோருக்கும், சிறுவர்கள் எடுத்து வைத்து விளையாடவும் எச்.ஓ. வசதி. ஆனால் நம் பெட்டிகள் நீளமானவை. 21.3 மீட்டர் ஐ.சி.எஃப். பெட்டி எச்.ஓ.வில் 24.5 செ.மீ.; ‘என்’னில் 13.3 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் திருப்பத்தில் வண்டி அழகாக ஓடும். அப்படியானால் முழுத் திருப்பத்துக்கு எச்.ஓ.வில் 5 அடி அகலம் வேண்டும். ‘என்’னுக்கு 3 அடி போதும்.

மேசை அல்லது சுவரோரப் பலகை

8க்கு 4 அடி ப்ளைவுட் மேசையில் ‘என்’ வண்டி நிற்காமல் சுற்றிவரும். ஆனால் கை எட்டுவது இரண்டரை அடிதான். தடம்புரண்ட பெட்டியை எடுக்க இருபுறமும் நடக்க இடம் விட வேண்டும். 10க்கு 10 அறையில் வேறெதற்கும் இடமிருக்காது. சுவரோரம் ஒன்றரை அடி அகலப் பலகை அடித்தால் அறை மிஞ்சும். அதில் வண்டி சுற்றாது, போய்த் திரும்பும். ஸ்டேஷனில் பெட்டிகளைக் கோப்பது, பிரிப்பது, லைன் மாற்றுவது என்று வேலை இருக்கும். பெரிய வளைவு தேவைப்படாததால் எச்.ஓ.வுக்கு இதுவே ஏற்ற இடம்.

முழு மலை அல்லது சுவர் ஓவியம்

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அளவு மாறாமல் செய்தால் எச்.ஓ.வில் 9 அடி, ‘என்’னில் 5 அடி. அதனால் உச்சியையும் கோட்டை மதிலையும் பின்சுவரில் வரையுங்கள்; அடிவாரச் சரிவை மட்டும் தெர்மாகோலில் செதுக்குங்கள். செஞ்சிக் குன்றுகளின் உருண்டைப் பாறைகளுக்குக் கூழாங்கற்கள் போதும்: ‘என்’னில் 1 செ.மீ. கல் 1.6 மீட்டர் பாறையாக நிற்கும்.

மொட்டை மாடி அறையைத் தவிர்ப்பது நல்லது. வெயிலிலும் மழை ஈரத்திலும் பலகை வளைந்தால் தண்டவாளமும் நெளியும்.

நீண்ட எக்ஸ்பிரஸ் மலையடியில் சுற்றிவர வேண்டுமென்றால் ‘என்’ ஸ்கேலும் 6க்கு 3 மேசையும் எடுங்கள். கால்களுக்குச் சக்கரம் பொருத்தினால் சுவரோரம் தள்ளி வைக்கலாம். ஸ்டேஷன் வேலையில்தான் ஆர்வம் என்றால் எச்.ஓ.வும் சுவர்ப் பலகையும். இரண்டையும் ஒரே அறையில் திணிக்காதீர்கள். முதலில் அறையை அளந்து, தரையில் சாக்பீஸால் வளைவை வரைந்து பாருங்கள். கடைக்கு அதன் பிறகு போகலாம்.