துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு



எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் பண்பாட்டு வகுப்பில், போன மாதம் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர், ஜான்சி ராணிப் படை, பர்மா என்று கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த படிவம் நான்கு மாணவி கை தூக்கினாள்.

"அண்ணே, அந்தச் சண்டையில அவங்க தோத்துட்டாங்கதானே? தோத்தவங்களைப் பத்தி எதுக்கு இவ்ளோ படிக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தத் தங்கைக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பாடம்.

1. அம்புப் படுக்கையில் ஓர் ஆசிரியர்

குருக்ஷேத்திரப் போர் முடிந்துவிட்டது. வென்றவர் தருமர். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. உறவினரையெல்லாம் இழந்து கிடைத்த அரசு எனக்கு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார். கண்ணன் அவரை அழைத்துக்கொண்டுபோய் நிறுத்திய இடம், பீஷ்மர் படுத்திருந்த அம்புப் படுக்கை. பீஷ்மர் மறைந்தால் அவரோடு அவர் அறிவும் மறைந்துவிடும், கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுக்கொள் என்பது கண்ணனின் அறிவுரை. சாந்தி பருவம், அனுசாசன பருவம் இரண்டிலும் பெரும் பகுதி பீஷ்மர் சொன்ன அந்தப் பாடங்கள்தான். நாம் கோயிலில் கேட்கும் விஷ்ணு சகஸ்ரநாமமும் அங்கேதான் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிங்க. பீஷ்மர் தோற்ற பக்கத்தின் சேனாதிபதி. அவர் காலடியில் உட்கார்ந்து கேட்பவர் வென்ற அரசர். வாழ்நாள் முழுக்க வில் பிடித்த அந்தக் கை ஓய்ந்த பிறகு அவர் சொல்லிக்கொடுத்தது வில்வித்தை இல்லை. அரசன் குடிகளை எப்படிக் காக்க வேண்டும், ஆபத்துக் காலத்தில் தருமம் எது, தானம் என்றால் என்ன என்பதையெல்லாம் சொன்னார். போரில் வெல்கிறவனுக்குப் போருக்குப் பிறகு எப்படி வாழ்வது என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

2. ஈப்போவிலிருந்து பர்மாவுக்கு

இதே பாதையில் நடந்த ஒருவரை நம் நாட்டிலேயே பார்க்கலாம். டத்தோ ராசம்மா பூபாலன் 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று அழைத்தார். டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் தொடங்கியது. ராசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் சேர்ந்தார்கள். ராசம்மாவுக்கு அப்போது வயது 16.

அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் நிறைய பேர் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள். முதல் நாள் வரை பால்மரம் சீவியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்று பார்க்காமல் ஒரே முகாமில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் துப்பாக்கி பிடித்தார்கள்.

ராசம்மா பர்மா வரை போனார். ஆனால் இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால் போர்முனையில் நின்று சண்டையிடும் வாய்ப்பு அந்தப் படைக்குக் கிடைக்கவில்லை. காயம்பட்ட வீரர்களைக் கவனிப்பதே அவர்கள் கண்ட போர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது படையின் ஒரு பகுதி நேதாஜியோடு கால்நடையாகவே வந்தது. பகலில் விமானம் சுடும் என்பதால் பகலில் பதுங்கி, இரவில் நடந்தார்கள். திரும்பும் வழியில் நடந்த தாக்குதலில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள்.

அந்தத் தங்கை சொன்னது சரிதான். போர் தோல்வியில்தான் முடிந்தது.

3. வகுப்பறைக்குள்

வீடு திரும்பிய ராசம்மா விட்ட படிப்பைத் தொடர்ந்தார். பட்டம் பெற்று ஆசிரியரானார். பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் இருந்தார்.

அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தகுதியோடு ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தினாலும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. கல்யாணம் ஆகிவிட்டால் நிரந்தர வேலையும் நிலைக்காது. 1960-இல் மகளிர் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார் ராசம்மா. கூட்டம், மனு, பேச்சுவார்த்தை என்று வருஷக்கணக்கில் இழுத்த போராட்டம் அது. அறுபதுகளின் இறுதியில்தான் அரசுப் பணியில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு நம்ம பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது, அதில் அந்தப் பழைய சிப்பாயின் உழைப்பும் இருக்கிறது.

4. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முதலாவது, தோல்வி. ஒரு படை தோற்கலாம். அந்தப் படையில் ஒருவர் கற்ற துணிவும் கட்டுப்பாடும் தோற்றுப்போவதில்லை. பதினாறு வயதில் கூச்சத்தை விட்டு நிமிர்ந்து நின்ற பெண், முப்பத்து மூன்று வயதில் அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்டார்.

இரண்டாவது, கற்ற கடன். போர் முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் பலர் எங்கே போனார்கள்? மறுபடியும் அதே பால்மரத்துக்கு. அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. ராசம்மாவிடம் பள்ளிப் படிப்பு இருந்தது, அவர்களிடம் இல்லை. முகாமில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களை வாழ்க்கை இப்படித்தான் பிரித்தது. அதனால்தான் படித்தவன் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் தயவு என்று நினைப்பதில்லை, கடன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பொறுமை. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வகுப்பு முப்பது பேரோடு தொடங்கியது. இப்போது வருவது ஒன்பது பேர். "போதும்பா, வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்று செயலாளரிடம் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். இந்தப் பாடத்துக்காகப் படிக்கப் படிக்க வெட்கமாகிவிட்டது. சாகும் தறுவாயில் இருந்த பீஷ்மர் ஒரே ஒரு மாணவனுக்காக அத்தனையும் சொன்னார். ஒன்பது பேர் எனக்குக் குறைச்சலா?

அடுத்த சனிக்கிழமை அந்தத் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எஸ்.பி.எம். முடிஞ்சதும் நான் சின்னப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தரட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். "ஏன் அது வரைக்கும் காத்திருக்கணும்? அடுத்த வாரமே ஆரம்பி" என்றேன். இப்போது மண்டபத்தின் ஒரு மூலையில் நான்கு பிள்ளைகள் அவளிடம் வாய்ப்பாடு படிக்கிறார்கள்.

கலந்துரையாட:

1. வென்ற தருமர், தோற்ற பக்கத்துப் பீஷ்மரிடம் பாடம் கேட்டார். நம்மை எதிர்த்தவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு மனம் வருமா?
2. உங்கள் குடும்பத்திலோ தோட்டத்திலோ இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்கள் உண்டா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பெயரையும் ஊரையும் எழுதி வாருங்கள்.
3. பள்ளியிலோ வேலையிலோ நீங்கள் தோற்ற ஒரு காரியம் எது? அதில் கற்றது இன்று எதற்கு உதவுகிறது?

இந்த வாரம் செய்ய:

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அது தேவாரமோ கணக்கோ சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதோ, உங்களைவிட இளைய ஒருவருக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அவர் எங்கே தடுமாறினார், நீங்கள் எங்கே பொறுமை இழந்தீர்கள் என்பதை அடுத்த வகுப்பில் பகிர்ந்துகொள்வோம்.