விலகிப் போகும் சுதந்திரம்

அன்புள்ள கயல்,

மதச் சுதந்திரம் தேடி இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கடல் கடந்த பியூரிட்டன்கள், குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரை ஏன் தூக்கிலிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். உன் பாடநூல் பாதிதான் சொல்கிறது. அவர்கள் தேடியது தங்கள் முறைப்படி வழிபடும் உரிமையை. அது எல்லோருக்கும் வேண்டும் என்று அவர்கள் சொன்னதே இல்லை. மாசசூசெட்ஸில் போதகராக இருந்த நத்தேனியல் வார்டு 1647-இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: மாற்றுக் கொள்கைக்காரர்களுக்குத் தாராளமாகச் சுதந்திரம் உண்டு, எங்கள் பக்கம் வராமல் இருப்பதற்கு!

இதை வெறும் கொடூரம் என்று தள்ளிவிடாதே. ஊர் முழுவதும் கடவுளோடு உடன்படிக்கை செய்திருப்பதாக அவர்கள் நம்பினார்கள். ஒருவனுடைய தவறான போதனையைப் பொறுத்துக்கொண்டால் தண்டனை எல்லோர் தலையிலும் விழும். நம்பிக்கை உண்மையானதுதான். அதனால்தான் எனக்கு அது இன்னும் அச்சம் தருகிறது. போலிகளிடம் பேரம் பேசலாம், இவர்களிடம் முடியாது.

மனசாட்சி விஷயத்தில் அரசுக்கு அதிகாரமில்லை என்ற ரோஜர் வில்லியம்ஸை 1635-இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டே அவர் பிராவிடன்ஸ் என்ற ஊரை உருவாக்கினார். அவருக்கும் குவேக்கர்களைக் கட்டோடு பிடிக்காது. ஆனால் நாள்கணக்கில் வாதாடினாரே தவிர, சாட்டையை எடுக்கவில்லை.

1657-இல் அண்டைக் குடியேற்றங்கள், குவேக்கர்களைத் துரத்துங்கள் என்று பிராவிடன்ஸ் அடங்கிய ரோட் ஐலண்டை நெருக்கின. வந்த பதிலை நீ கவனிக்க வேண்டும்: இங்கே அவர்களைத் தடையின்றிப் பேசவிட்டு, வாதத்தால் மட்டுமே எதிர்க்கிறோம், அதனாலேயே அவர்களுக்கு இங்கே வர ஆசையில்லை. பெரிய தத்துவமெல்லாம் இல்லை, நடைமுறை அறிவு.

மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டன் கேட்கவில்லை. நாடுகடத்தப்பட்ட குவேக்கர் திரும்பினால் மரணம் என்று 1658-இல் சட்டமானது. நாடுகடத்தப்பட்டிருந்த மேரி டையர் என்ற குவேக்கர் பெண் திரும்பினார். 1659 அக்டோபரில் கழுத்தில் சுருக்கை மாட்டி, உடன் வந்த இருவரையும் அவர் கண்ணெதிரே தூக்கிலிட்ட பிறகு அவரை இறக்கிவிட்டார்கள். மறு ஆண்டு மீண்டும் வந்தார். ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

1661-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இதை நிறுத்தச் சொல்லி ஆணை அனுப்பினார். தூக்கு நின்றது, சாட்டையடி தொடர்ந்தது. ஆணையைக் கொண்டுவந்தவர், பாஸ்டனே நாடுகடத்திய சாமுவேல் ஷாட்டக் என்ற குவேக்கர். யாருக்கும் தொப்பி கழற்றாத குவேக்கர் வழக்கப்படி தொப்பியோடு நுழைந்தவரின் தொப்பியைக் கழற்ற உத்தரவிட்ட ஆளுநர் எண்டிகாட், கடிதம் யாருடையது என்று தெரிந்ததும் அவருடைய தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார் என்று குவேக்கர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
பெரியப்பா