உழைத்தவர் சாப்பிட்ட கறி, உட்கார்ந்திருப்பவருக்கு ஆகுமா?

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் கையில் ஒரு டிபன் கேரியர். உள்ளே ராகிக் களி, நேற்று ராத்திரி வைத்த கறிக்குழம்பு. "இதிலே என்னங்க இருக்கு, எங்க வீட்லயும் இதே கதைதான்" என்கிறீர்களா? நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலும் இதே கதைதான்!

வெள்ளைக்காரர் சாப்பாடு என்றாலே கத்தி, முள்கரண்டி, வெள்ளை மேஜை விரிப்புதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டின் பழைய கறி வகைகள் பலவும் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் உழைத்தவர்களின் வீட்டு அடுப்பில் வளர்ந்தவை. அவற்றில் கொழுப்பும் உப்பும் ஏன் சேர்ந்தன என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கறியை எப்படிச் சாப்பிடுவது என்பதும் புரிந்துவிடும்.

சுரங்கத்துக்குப் போன 'சோமாசி'

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கிறது கார்ன்வால். தகரமும் செம்பும் எடுத்த ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளி கையோடு கொண்டுபோனது 'பேஸ்டி'. மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, மாட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு எல்லாவற்றையும் பச்சையாகவே உள்ளே வைத்து, நம்ம சோமாசி போல மடித்து ஓரத்தை முறுக்கி, அவனில் சுடுவார்கள். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். கையில் பிடித்தே சாப்பிட்டுவிடலாம்.

1860-களில் செம்பு விலை விழுந்ததும் கார்ன்வால்காரர்கள் பிழைப்புத் தேடி உலகமெல்லாம் போனார்கள். மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில் அந்தப் பலகாரம் மிளகாய் சேர்ந்து 'பாஸ்தே' என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. சிலர் நம் பக்கத்துக்கே வந்தார்கள். கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் இருக்கும் கோலார் தங்கவயல்தான் அது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பொறுப்பேற்ற பிறகு வந்த கார்ன்வால்காரர்களோடு, வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்களும் பாதாளத்தில் இறங்கினார்கள். 2001-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

நாள் முழுக்கப் பாறையை உடைத்தவருக்கு மாவும் கொழுப்பும் வேலையிலேயே கரைந்துபோனது. அதையே ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் தினமும் சாப்பிட்டால்? இடுப்பில்தான் சேரும்!

காலையில் வைத்த பானை

பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயரின் பெருமை 'ஹாட்பாட்'. ஆட்டின் கழுத்துக்கறி, வெங்காயம், மேலே வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு. மில்லுக்குப் போகும் பெண்கள் இதை மிதமான சூட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வரும்போது வெந்திருக்கும் என்று சொல்வார்கள்.

கழுத்துக்கறி விலை மலிவு, ஆனால் கெட்டி. அதிலுள்ள நார் போன்ற கொலாஜன், ஈரப்பதத்தில் நிதானமாக வேகும்போது ஜெலட்டினாக இளகிவிடும். கறி பஞ்சாகிவிடும். நம் வீட்டுக் குக்கர் அதே வேலையைச் சீக்கிரம் செய்கிறது, அவ்வளவுதான்.

எதையும் வீணாக்காத கை

பர்மிங்ஹாம் பக்கத்து 'ஃபேகட்', பன்றியின் ஈரலையும் இதயத்தையும் கொத்தி, ரொட்டித் தூள் சேர்த்து, கொழுப்புச் சவ்வில் சுற்றிய உருண்டை. 'விறகுக் கட்டு' என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். லங்காஷயரின் பரி என்ற ஊரில் பன்றி ரத்தமும் ஓட்ஸும் சேர்த்த 'பிளாக் புட்டிங்' பிரபலம். நம்ம ஆட்டு ரத்தப் பொரியலுக்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1940 முதல் 1954 வரை அங்கே கறிக்கு ரேஷன் இருந்தபோது, ஈரல், இதயம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ரேஷன் கிடையாது. குடும்பங்களுக்கு அவை கைகொடுத்தன.

உப்புக்கண்டம் அங்கேயும் உண்டு

குளிர்காலத்தில் தீவனம் போதாது என்பதால், நவம்பரில் மாடுகளை வெட்டி உப்பில் ஊறவைத்தார்கள். 'கார்ன்டு பீஃப்' என்பதில் வரும் 'கார்ன்' மக்காச்சோளம் இல்லை, தானியம் போன்ற உப்புக் கல்! மஞ்சளும் உப்பும் தடவி, கறியைக் கோத்துக் காயவைக்கும் நம் உப்புக்கண்டமும் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக் கெட்டிக்காரத்தனம்தான். இன்று ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. அந்த உப்பு மட்டும் எதற்கு?

சரி, நாம் என்ன செய்யலாம்?

* ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்புக் கறி வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும்.

* ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. உள்ளவர்கள் உப்புக்கண்டத்தைத் தவிர்ப்பதே நல்லது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது.

* குழம்பை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

* ஈரலில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம். அளவுக்கு மிஞ்சினால் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். "மாசமா இருக்கா, ஈரல் கொடு" என்று பாட்டி சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

* சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. நேற்றைய குழம்பு என்றால் இரவே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தளதளவென்று கொதிக்கவிட்டு, சூடு தாங்கும் பாத்திரத்தில் கொடுத்து அனுப்புங்கள். சாதாரண கேரியரில் வெதுவெதுப்பாக மதியம் வரை கிடப்பதுதான் ஆபத்து.

கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் மனைவியும் சரி, ஓசூரில் விடிகாலையில் கேரியர் கட்டும் நம் வீட்டுப் பெண்ணும் சரி, பார்த்துப் பார்த்துச் சமைப்பது ஒன்றுக்காகத்தான்: வேலைக்குப் போகிறவர் தெம்பாகத் திரும்பி வர வேண்டும். வேலை மாறிவிட்டது. அளவையும் மாற்றிக்கொள்வோமே!