பவளத் தொட்டியும் மீன்களின் தொகையும்

அழகியதொன்றைக் கண்டால் அதனை அருகிருத்திப் போற்ற விழைதல் மக்கட்கு இயல்பு. கடலடியிலுள்ள பவளக் காட்டையும் அதனிடை உலவும் பன்னிற மீன்களையும் கண்ணாடித் தொட்டியுள் அமைத்துக் காணும் வேட்கையும் அத்தகையதே. 1846-ஆம் ஆண்டில் ஆனா தைன் என்னும் பெருமாட்டியார் டார்க்குவே கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டன் மாநகருக்குக் கொணர்ந்து வளர்த்தனர். நீரைக் கலத்தினின்று கலத்திற்குப் பலகால் ஊற்றிக் காற்றேறச் செய்தமையால் அவை உயிர் பிழைத்தன. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காண்டற்குரிய மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றோ மாணவர் அறையிலும் ஒரு சிறு கடல் இடம்பெறுதல் கூடும். அச்சிறு கடல் எத்தனை மீன்களைத் தாங்கும் என்னும் வினாவை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நீரின் அளவை அறிதல் வேண்டும். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடைய தொட்டி 108 லிட்டர் கொள்ளும் என்பது கணக்கு. எனினும் விளிம்பளவும் நிரப்புவார் இலர். 37 செ.மீ. உயரம் நிரப்பின் ஏறத்தாழ 100 லிட்டராம். கல்லும் மணலும் 20 லிட்டருக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளின், மீன்களுக்கு எஞ்சுவது 80 லிட்டரே.

இத்துணை நீருக்கு இத்தனை அங்குல மீன் என்றொரு வாய்பாடு வளர்ப்போரிடையே வழங்குகின்றது. அஃது எளிதாயினும் பிழையுடைத்து. வடிவொத்த மீன்களுள், நீளம் இருமடங்காயின் எடை எண்மடங்காகும். ஓரங்குல மீன்கள் பத்தினது மொத்த எடையைப்போல் நூறு மடங்கு எடையுடையது பத்தங்குல மீன் ஒன்று. உணவும் கழிவும் மூச்சும் அதே மடங்கில் ஏறாவெனினும், நீளத்தினும் மிக விரைந்து ஏறும். அன்றியும் மீன் வளரும் பொருள். விற்கும் இடத்தில் விரலளவாய்த் தோன்றும் நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரவல்லது. ஆதலின் வாங்கும் நாளின் அளவை விடுத்து, முதிர்ந்த அளவையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனிக் கழிவினை நோக்குவாம். மீன்கள் வெளிவிடும் அம்மோனியா கொடிய நஞ்சு. கல்லிலும் மணலிலும் உறையும் நுண்ணுயிர்களுள் ஒருசாரன அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொருசாரன நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகி நிலைபெறுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதன் பின்னரும் மீன்களை ஒவ்வொன்றாக இடைவிட்டே சேர்த்தல் வேண்டும். இறுதியில் எஞ்சும் நைட்ரேட்டை நீர் மாற்றியே குறைக்கின்றோம். ஒரு வாரத்தில் அது லிட்டருக்கு 1 மி.கி. ஏறுவதாகவும், வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவதாகவும் கொள்வோம். புதுநீரில் நைட்ரேட்டு இலதாயின், நாளடைவில் அளவு 10 மி.கி.இல் போய் நிற்கும். ஏனெனின், அப்பொழுது மாற்றும் நீரோடு நீங்குவதும் 1, வாரத்தில் ஏறுவதும் 1. மீன்களையும் உணவையும் இரட்டித்தால் 20 மி.கி.இல் நிற்கும். அது மிக மிகப் பாசி செழிக்கும், பவளம் நலியும்.

இவற்றினும் இன்றியமையாதது பிராணவாயு. 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மிகுதியாக அவ்வாயுவை ஏற்கும். கடல்நீரோ 7 மி.கி.க்கும் குறைவாகவே ஏற்கும். பகலில் பவளத்துள் வாழும் நுண்பாசிகள் ஒளியின் துணையால் அதனை உண்டாக்கும். இரவில் பவளம், பாசி, நுண்ணுயிர் யாவும் மீன்களோடு பங்கிட்டு அதனைச் செலவிடும். ஆகவே, விடியற்காலையே தொட்டியில் வறுமை மிக்க பொழுது.

இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம், இழந்து கற்றோம். மேற்கூறிய அளவினதாகிய எமது தொட்டியில் ஏழு மீன்களை விட்டிருந்தோம். ஆறு திங்கள் ஒரு குறையும் தோன்றிற்றிலது, கண்டோர் புகழ்ந்தனர், யாமும் செருக்கினோம். ஓர் இரவு மின்சாரம் நின்றது. நீரை அலைக்கும் பொறி ஓய்ந்தது. யாம் உறங்கினோம். விடிந்து நோக்குங்கால் நான்கு மீன்கள் இறந்து கிடந்தன; ஏனைய மூன்றும் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவித்து நின்றன. ஆனா தைன் அம்மையார் கையால் ஊற்றுவித்த வேலையை எமக்காகப் பொறி செய்துவந்தது என்பதை அன்றே உணர்ந்தோம். ஏழு என்பது பொறி தாங்கிய தொகை. மூன்று என்பது தொட்டி தாங்கிய தொகை, அதுவும் அரிதின்.

ஆதலின் 80 லிட்டர் நீருக்குச் சிறிய கோமாளி மீன்கள் இரண்டும், அவற்றோடு பகையாத சிறுமீன் ஒன்றும் போதும் என்பது எம் துணிபு. இரு திங்கள் நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் புலப்படாமலும், நைட்ரேட்டு ஏறாமலும் இருப்பின் நான்காவதைக் கருதலாம். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பொறியொன்றும் உடனிருத்தல் வேண்டும். நீர் தூயதாயினும் எல்லா மீனும் வாழா. பாறையிடை வாழும் நுண்ணிய இறாலினங்களைத் தேடியுண்ணும் மாண்டரின் மீன், சிறு தொட்டியில் அவ்விரை தீர்ந்தபின் பசியால் மெலிந்து மாயும்.

உயிர்களை ஆளும் உரிமை நமக்கு அளிக்கப்பட்டதென்று நாம் கற்றிருக்கின்றோம். ஆளுதலாவது, அவற்றின் தேவையை முன்னறிந்து காத்தலாம். நல்ல பகலொன்றில் எத்தனை மீன்கள் நீந்தக்கூடும் என்று எண்ணற்க. தீய இரவொன்றைக் கடந்து எத்தனை விடியலைக் காணும் என்று எண்ணுக. அத்தொகையே உரிய தொகையாகும்.