காளான் அறைக் காற்றுக்குழாயில் கரியமிலவாயு அளவுமானி

மொட்டுக் காளானும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. குளிரூட்டிய அறையின் கதவு எப்போதும் அடைத்தே இருப்பதால் அந்த வாயு உள்ளேயே தேங்கும். படுக்கையில் வித்து பரவும் பருவத்தில் இதனால் கேடில்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் 10,000 பங்கு கரியமிலவாயு இருந்தாலும் பூசண இழைகள் நன்றாகவே ஓடும். மேல்மண் இட்டு, வெப்பத்தை 16 முதல் 18 டிகிரிக்கு இறக்கி, மொக்கு கட்ட விடும்போதுதான் தொல்லை வருகிறது. அப்போது இவ்வாயு 1,000 பங்குக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் மொக்கு குறையும். காம்பு நீண்டு, குடை சிறுத்து, சந்தையில் விலை போகாது.

அதற்காக வெளிக்காற்றை அளவின்றி உள்ளே விட்டாலும் நட்டமே. குளிரூட்டும் மின்செலவு ஏறும், மேல்மண் காய்ந்துவிடும். எனவே, அளந்து விடுவதே சரி. அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. சுவரில் மாட்டும் கருவி தண்ணீர் தெளிக்கும்போது நனையும் என்பதால், காற்றுக்குழாயில் பொருத்தும் வகையே காளான் அறைக்கு ஏற்றது.

எங்கே பொருத்துவது?

அறையிலிருந்து காற்று திரும்பி வரும் குழாயில், அது வெளிக்காற்றுடன் கலப்பதற்கு முன்பாகப் பொருத்த வேண்டும். கலந்த பின் அளந்தால் படுக்கைகளின் மேலுள்ள காற்றின் நிலை தெரியாது. குழாய் நேராகச் செல்லும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. வளைவுக்கும், காற்றுத் தடுப்புத் தகட்டுக்கும், பனிப்புகை விடும் கருவிக்கும் அருகில் வைக்கலாகாது.

குழாயின் பக்கவாட்டுத் தகட்டில் அளவுக்கேற்ற துளையிட்டு, உணர் குழலை உள்ளே செலுத்தி, ரப்பர் வளையம் வைத்து திருகாணியால் இறுக்க வேண்டும். குழலில் காற்று புகும் துளைகள் காற்று வரும் திசையை நோக்கி இருக்கட்டும். இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. திரும்பு குழாயில் விசிறி காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. துளையைச் சுற்றிச் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே புகுந்து உணர் குழலின் மீதே படும். கருவி அளவைக் குறைத்துக் காட்டும். கம்பி வரும் பைப்பின் வழியாகக்கூடக் காற்று ஏறும். ஆகவே இரண்டையும் சிலிகான் பசையால் அடைத்துவிட வேண்டும். கம்பி கருவிக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டால், அதில் படியும் நீர் பெட்டிக்குள் இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

கம்பி இணைப்பு

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பெரும்பாலான கருவிகள் 24 வோல்ட்டில் இயங்குவன. மின்சாரத்துக்கு ஒன்று, பொதுக் கம்பி ஒன்று, அளவைக் கொண்டுசெல்லும் கம்பி ஒன்று என மூன்று இணைப்புகள் இருக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து கருவிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் எடுத்தால், பொதுக் கம்பி இரண்டிலும் ஒரே முனையில் சேர்ந்திருக்க வேண்டும். மாறினால் கருவி எரிந்துபோகக் கூடும்.

அளவை 0–10 வோல்ட்டாகவும் அனுப்பலாம், 4–20 மில்லி ஆம்பியராகவும் அனுப்பலாம். காளான் அறைக்கு இரண்டாவதே மேல். காரணம் இதுதான்: 0 முதல் 5,000 பங்கு வரை அளக்கும் கருவியில் 1,000 பங்கு என்பது முதல் முறையில் 2 வோல்ட், இரண்டாவதில் 7.2 மில்லி ஆம்பியர். எலி கம்பியைக் கடித்து அறுத்துவிட்டால் வோல்ட் முறையில் சுழி என்றே வரும். காற்று மிகச் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணி, கட்டுப்பாட்டுப் பெட்டி வெளிக்காற்றை அடைத்துவிடும். ஓர் இரவு போதும், மொக்குகள் பாழாக. மில்லி ஆம்பியர் முறையில் நல்ல காற்றுக்கும் 4 குறையாது. சுழி வந்தால் கம்பி அறுந்தது என்று பெட்டி அறிந்து மணி அடிக்கும்படி அமைக்கலாம். பெட்டி வோல்ட் மட்டுமே ஏற்பதாக இருந்தால், அதன் முனையில் 500 ஓம் தடை ஒன்றை இணைத்தால் 2 முதல் 10 வோல்ட்டாக மாறிவிடும்.

அளவுக் கம்பி, உறையிட்ட முறுக்குக் கம்பியாக இருக்க வேண்டும். உறையைப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும். இருபுறமும் செய்யக் கூடாது. விசிறி மோட்டாருக்குப் போகும் கம்பியோடு ஒரே பைப்பில் இதை இழுப்பது தவறு.

இரண்டு திருத்தங்கள்

மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், உயரத் திருத்தம் செய்யாத கருவி 1,000 பங்கை 800க்கும் குறைவாகவே காட்டும். கருவியில் ஊரின் உயரத்தைப் பதிந்த பிறகே அளவை நம்பலாம்.

மற்றொன்று இதைவிட முக்கியம். அலுவலகக் கட்டடங்களுக்கென்று செய்த பல கருவிகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எண்ணி, அதை 400 என வைத்துக்கொள்ளும். இரவில் ஆளில்லாத அலுவலகத்துக்கு அது பொருந்தும். காளானுக்கு இரவு விடுமுறை ஏது? அறையில் 800க்குக் கீழே ஒருபோதும் இறங்காவிட்டால், அந்த 800-ஐயே கருவி நாளடைவில் 400 என்று காட்டத் தொடங்கும். 1,400 இருக்கும்போது 1,000 என்று நம்பி வளர்ப்பவர் ஏமாறுவார். விற்பவர் சொல்லாவிட்டாலும் கேட்டு, இந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அறுவடை முடிவிலும் கருவியைத் திறந்த வெளியில் கால் மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். 420 பங்கை ஒட்டிக் காட்டினால் சரி. அப்போது அருகில் நின்று மூச்சு விடலாகாது. மூச்சுக்காற்றிலேயே பல்லாயிரம் பங்கு கரியமிலவாயு உண்டு.

அறுவடைக்குப் பின் அறையை நீராவியால் 65, 70 டிகிரிக்குச் சூடேற்றுமுன் கருவியைக் கழற்றித் துளைக்கு மூடி போட வேண்டும். பல கருவிகள் 50 டிகிரிக்கு மேல் தாங்கா.

விசிறி நின்றிருக்கும்போது கருவி காட்டுவது குழாயிலுள்ள காற்றின் அளவையே. அறையின் அளவை அன்று. வேலை செய்வோர் எட்டு மணி நேரம் இருப்பதற்கு 5,000 பங்கே வரம்பு. எனவே வித்து பரவும் அறைக்குள் ஆட்களை அனுப்புமுன் விசிறியை ஓட்டி, வெளிக்காற்றைத் திறந்து, எண் அந்த வரம்புக்கு நன்கு கீழே இறங்கிய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.