ரோமன் எழுத்தில் நம் பெயர்

என் பாட்டனார் பெயர் முத்துசாமி. 1946இல், பிரெஞ்சு ஆட்சியில் எழுதப்பட்ட அவரது பிறப்புப் பதிவில் அப்பெயர் 12 ரோமன் எழுத்துக்களில் உள்ளது. பின்னாளில் பெற்ற பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறைப்படி 9 எழுத்துக்களே உள்ளன. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் இரண்டையும் காட்டியபோது, "இரண்டும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டார்கள். உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பின்னரே வேலை முடிந்தது. பிழை எவருடையது என்று ஆராயப் புகுந்தேன்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பிரெஞ்சில் 'யு' என்னும் எழுத்து நம் உகரமாக ஒலிப்பதில்லை. ஆகவே அதன் முன் 'ஓ' சேர்ப்பர். இரு உயிர்களுக்கிடையே தனி 'எஸ்' வந்தால் 'இசட்' போல் ஒலிக்கும். ஆகவே அதனை இரட்டிப்பர். பிரெஞ்சு 'டி', நம் தகரம் போல நா பல்லைத் தொடுவதால் பிறக்கிறது. ஆங்கில 'டி' அவ்வாறன்று. அதனால் ஆங்கில வழக்கில் உடன் ஓர் 'எச்' வேண்டியதாயிற்று. ஆகவே இரண்டுமே பிழையல்ல. அவரவர் செவிக்கேற்ற ஒலிபெயர்ப்பு.

ஆனால் ஒலிபெயர்ப்பிலிருந்து தமிழுக்குத் திரும்புவது கடினம். ஆங்கில வடிவத்தைக் கண்டு 'முத்து' என்பதா, 'முது' என்பதா? பிரெஞ்சு வடிவம் இரட்டிப்பைக் காட்டுகிறது. 'சாமி'யின் நெடிலை அதுவும் காட்டவில்லை.

இக்குறையை நீக்குவது எழுத்துப்பெயர்ப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–36) கையாண்ட முறை இது. 2001இல் வெளியான பன்னாட்டுத் தரம் 15919உம் தமிழுக்கு இவ்வாறே விதிக்கிறது. நெடிலுக்கு மேற்கோடு, ட, ண, ள மூன்றுக்கும் கீழ்ப்புள்ளி, ழ, ற, ன மூன்றுக்கும் கீழ்க்கோடு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் பெயரை மீண்டும் பிழையின்றித் தமிழில் எழுதலாம். எனினும் 'பக்கம்', 'தங்கம்' இரண்டிலும் ககரத்துக்கு ஒரே குறியீடுதான். ஒலி வேறுபாட்டைத் தமிழறியாதார் உணர மாட்டார்.

அழைப்பதற்கு ஒலிபெயர்ப்பு, ஆய்வுக்கு எழுத்துப்பெயர்ப்பு என்பதே நான் கண்ட முடிவு. நண்பர்களே, ரோமன் வடிவம் ஒன்றைத் தேர்ந்து எல்லாச் சான்றிதழ்களிலும் மாறாமல் எழுதுங்கள். இடமுள்ள படிவத்தில் அருகே தமிழிலும் எழுதுங்கள். என் பாட்டனாரின் கையொப்பம் என்றும் தமிழில்தான். அதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.