அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தேன்மொழி,

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து சோழிங்கநல்லூர்ப் பக்கம் வீடு பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நான் சென்னையில் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்தவள். இப்போது மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அட்வான்ஸ் கைமாறும் வரைக்கும்தான் வீட்டுக்காரர் உன் கேள்விக்குப் பதில் சொல்வார். மாறிய பிறகு நீ எதைக் கேட்டாலும் அது தயவு கேட்பதாகிவிடும். உன்னைக் கூச்ச சுபாவமாக வளர்த்துவிட்டோம். அந்தக் கூச்சத்தை வீடு முடிவாகிற வரைக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு.

பதினைந்தாயிரம் வாடகை என்றால் பதினைந்தாயிரத்தோடு முடியாது. மூன்று மாத அட்வான்ஸ் 45,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000, முதல் மாத வாடகை 15,000. சாமான் ஏற்றுகிற வண்டி வருவதற்குள் 75,000 போய்விடும். மெயின்டனன்ஸ் வாடகைக்குள்ளேயா, தனியா என்பதையும் கேட்டுக்கொள். முன்பு சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய என்று அதற்கு ஒரு வாலும் இருக்கிறது. ஆறு மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டத்தைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சண்டை வருவது அந்தப் பிடித்தத்தில்தான். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே எழுதாத வழக்கம். ஒரு வருஷம் இருந்தாலும் அதே தொகை, ஐந்து வருஷம் இருந்தாலும் அதே தொகை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, நான் என் குடித்தனக்காரரிடம் வாங்குவதும் இல்லை. உன் வீட்டுக்காரர் வாங்குவார் என்றே வைத்துக்கொண்டு, எவ்வளவு என்று இப்போதே பேசி ஒப்பந்தத்தில் எழுத வை. சாவி வாங்கிய அன்று, சாமானை இறக்குவதற்கு முன், வீடு முழுவதையும் போனில் வீடியோ எடு. விரிசல் விட்ட டைல்ஸ், ஒழுகும் குழாய், கழன்ற தாழ்ப்பாள், சுவரில் அடித்த ஆணி எதையும் விடாதே. கரண்ட் மீட்டர் ரீடிங்கையும் எடு. அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

மீட்டர் என்றதும் ஞாபகம் வந்தது. உன் போர்ஷனுக்கு ஈ.பி. தனி இணைப்பா, சப்-மீட்டரா? ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் ஓடினால் மொத்த யூனிட் எகிறும், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அரசு கொடுக்கும் இலவச யூனிட்டும் ஒரே ஒரு தடவைதான் கழியும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை வைத்திருந்தால், ஏசி போடப்போகிற நீங்கள் அதைக் கணக்கில் சேர்த்துத்தான் வாடகையைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிது தண்ணீர். நீ பார்க்கிற பகுதியில் நிறைய அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பி இருப்பவை. போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, துணி வெளுக்காது, தலைமுடி சிக்கு விழும். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா, லாரிக் காசை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேள். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்து பார். பிளஷை அழுத்திப் பார். புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தண்ணீர் இல்லாத கஷ்டம் கோடையில் என்றால், மிஞ்சிப்போன கஷ்டம் டிசம்பரில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி எழும்பிய குடியிருப்புகளும் வேளச்சேரியும் 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023-லும் என்ன பாடுபட்டன என்று நீ டிவியில் பார்த்திருப்பாய். தரைத்தளம் வாடகை குறைவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் என்று யோசி. சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா, பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருக்கிறதா என்று பார். “புயலப்போ இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?” என்ற கேள்வியைப் புரோக்கரிடம் கேட்காதே. தெருமுனை அயர்ன் கடைக்காரரிடம் கேள். அவருக்கு அந்த வீட்டில் கமிஷன் இல்லை.

ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிற பழைய பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது. நான் மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். நிறையப் பேர் செய்வதில்லை, நீ கேட்டுப் பார். வாடகை எப்போது எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், இந்த இரண்டையும் மட்டும் வாய்வார்த்தையாக விடாதே. வாடகையை வங்கி வழியாகவே போடு. ஆபீசில் வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பதாக இருந்தால் வீட்டுக்காரரின் பான் எண் தேவைப்படலாம். தருவாரா என்பதும் முன்னாலேயே கேட்க வேண்டியது.

அவர்களும் உன்னைக் கேட்பார்கள். எங்கே வேலை, எத்தனை பேர் என்பதெல்லாம் நானும் கேட்பவைதான். ஆதார் நகல் கேட்பது போலீஸுக்குக் கொடுக்கவும் இருக்கலாம். ஆனால் சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்று அன்பாக விசாரிக்கிறவர் விசாரிப்பது தெய்வத்தை அல்ல. பொய் சொல்லி அந்த வீட்டுக்குள் போகாதே. மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் இருப்பாய்? ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் கேட் திறப்பார்களா, தம்பி வந்தால் தங்கலாமா என்றும் கேட்டுவிடு. வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும், அதற்கும் சட்டம் இருக்கிறது.

வாடகையே வேண்டாம், சில லட்சம் லீஸுக்குக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. வீட்டின் மேல் கடன் இருந்து வங்கி ஜப்தி செய்தால் உன் பணத்தைத் தேடி யார் பின்னால் அலைவது? வீட்டைப் பார்க்காமல் போனில் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறவனிடம் பேச்சே வேண்டாம்.

மூன்று பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டீர்கள், நடுவில் ஒருத்தி கல்யாணமாகிப் போனால் அவள் பங்கை யார் கொடுப்பது என்று உங்களுக்குள்ளும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரோடு வரும் சண்டையைவிட இந்தச் சண்டை கசப்பானது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போவதென்றால் சனிக்கிழமையே சொல், நானும் வருகிறேன். நரைத்த தலை ஒன்று கூட நின்றால் புரோக்கர்கள் கொஞ்சம் குறைத்துப் பேசுவார்கள்.

அன்புடன்,
பெரியம்மா